ஒரு கண்ணாடிக் குழாய், இருபது நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப் ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, டீ சொல்லிவிட்டுப் படியுங்கள்.

போடியிலிருந்து தினமும் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "டீச்சர், விரியன் கடிச்சா ரத்தம் உறைஞ்சு போயிரும்னு ஒருத்தர் சொல்றாரு. உறையாம ஒழுகிக்கிட்டே இருக்கும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எதுதான் சரி?"

நல்ல கேள்வி. பதில்: இரண்டும் சரி. முதலில் உறைகிறது. அப்படிக் கண்ட இடத்திலும் உறைந்து தீர்ந்துபோவதால், பிறகு உறைய வேண்டிய இடத்தில் உறைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கடிவாயில் கயிறு கட்டுவதும் பிளேடால் கீறுவதும் ஏன் தப்பு என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதுக் கண்ணாடிக் குழாயும், இருபது நிமிடம் காத்திருக்கிற பொறுமையும் இருக்க வேண்டும். கடிபட்டவரை வழியில் எந்த வைத்தியர் வீட்டிலும் நிறுத்தாமல் அங்கே சேர்க்க வேண்டும். நம் மலைப் பாம்புக்கு ஏற்ற மருந்து வேண்டும் என்று நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

ரத்தம் எப்படி உறைகிறது?

அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டது. ரத்தம் வருகிறது. சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. அந்தச் சில நிமிடத்தில் என்ன நடக்கிறது?

கொட்டகுடி ஆற்று வாய்க்காலில் கரை உடைந்தால் என்ன செய்வோம்? முதலில் மடையைக் குறுக்குவோம். பிறகு மண் மூட்டையைக் கொண்டுவந்து போடுவோம். மூட்டை மட்டும் போட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அதன்மேல் முள்ளும் விளாரும் பின்னி இறுக்குவோம். உடம்பும் இதைத்தான் செய்கிறது. வெட்டுப்பட்ட குழாய் முதலில் சுருங்குகிறது. அடுத்து, டெங்கு காலத்தில் எல்லோரும் எண்ணிக்கை பார்க்கிறோமே, அந்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. அவைதான் மண் மூட்டை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். கடைசியாக ஃபைப்ரின் என்ற புரத நூல் வலையாகப் பின்னி மூட்டைகளை இறுக்குகிறது.

இந்த நூல் ரத்தத்தில் நூலாகவே ஓடுவதில்லை. ஓடினால் நாம் உயிரோடு இருக்க முடியாது. அது ஃபைப்ரினோஜன் என்ற பெயரில் கரைந்த நிலையில் ஓடுகிறது. 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை. அதை நூலாக மாற்றுவது த்ராம்பின். த்ராம்பினும் சும்மா சுற்றாது. புரோத்ராம்பின் என்று தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப இன்னொன்று, அந்த இன்னொன்றை எழுப்ப மற்றொன்று. காயம் பட்ட திசு முதல் ஆளை எழுப்ப, அவர் பத்துப் பேரை எழுப்ப, அந்தப் பத்துப் பேர் ஆயிரம் பேரை எழுப்புகிறார்கள். பத்தாம் எண் காரணி, ஐந்தாம் எண் காரணி என்று இவர்களுக்கு ரோமன் எண்ணில் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது நம் கல்லீரல். இந்தக் கல்லீரலை மறந்துவிடாதீர்கள்; பின்னால் மறுபடி வருவார்.

1964இல் இந்த வரிசையைப் புரிந்துகொண்டவர்கள் இதற்கு அருவி என்றே பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் மேக்ஃபார்லேன் ஒரு பக்கம், அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் இன்னொரு பக்கம், ஒரே வருடத்தில் எழுதினார்கள். சுருளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அருவியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மேலே சின்னதாக வழிகிற தண்ணீர் படிப்படியாக இறங்கிக் கீழே வரும்போது என்ன வேகம்!

நிறுத்துவது யார்?

இவ்வளவு வேகத்தில் ஓடுகிற அருவி விரல் காயத்தோடு ஏன் நின்றுவிடுகிறது? ஃபைப்ரினோஜன் உடம்பு பூராவும் இருக்கிறதே, விரலில் தொடங்கிய உறைதல் ஏன் மூளை வரைக்கும் போகவில்லை?

நின்றுவிடுவதற்குக் காவல் ஏற்பாடு இருக்கிறது. காயம்படாத ரத்தக்குழாயின் உள்சுவர் வழுவழுப்பாக, தட்டணுவை ஒட்டவிடாமல் இருக்கும். ஆன்டித்ராம்பின் என்ற புரதம் ரோந்து போய், இடம் மாறி வந்த த்ராம்பினைப் பிடித்து முடக்கும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. த்ராம்பின் காயத்தைத் தாண்டி நல்ல சுவர்ப் பக்கம் போனால், அங்கே த்ராம்போமாடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட த்ராம்பின் உடனே கட்சி மாறி, உறைதலை நிறுத்துகிற 'சி' புரதத்தை எழுப்பிவிடும். கூட்டத்தைக் கூட்டினவரே கலைந்து போங்கள் என்று சொல்வது மாதிரி. கடைசியாக, வேலை முடிந்த வலையை வெட்டி அள்ளுவதற்குப் பிளாஸ்மின் என்ற துப்புரவுப் பணியாளர்.

ஆக, ஓடுவதற்கும் உறைவதற்கும் நடுவில் ரத்தம் தராசு முள் மாதிரி நிற்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி. மறுபக்கம் சாய்ந்தால் நிற்காத ரத்தப்போக்கு.

ஒரே சரிவில் இரண்டு வாத்தியார்கள்

இந்தத் தராசை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டுகிற உயிர்கள் நம் மலையிலேயே இருக்கின்றன.

ஒன்று அட்டை. மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கடித்ததே தெரியாது. உப்பு, சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர் என்று எதையாவது தடவி எடுத்துப் போட்ட பிறகும் ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும். காரணம் அதன் எச்சில். அட்டை எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதை 1884இல் ஹேகிராஃப்ட் என்பவர் கண்டுபிடித்தார். ஹிருடின் என்று பின்னாளில் பெயர் வைத்தார்கள். அது த்ராம்பினின் வாயை அடைத்துவிடும். இந்தியக் காட்டு அட்டையிலும் அதே வேலையைச் செய்கிற ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆக, அட்டை பிரேக்கை மிதிக்கிறது. அதுவும் கடித்த இடத்தில் மட்டும். கொஞ்ச நேரம் ஒழுகி நின்றுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்று விரியன். இது பிரேக் பக்கமே போகாது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்.

கண்ணாடி விரியனின் விஷம் அருவியின் மேல்படிகளை விட்டுவிட்டு நேராக நடுவில் குதிக்கிறது. பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் தானே எழுப்பிவிடும். சுருட்டை விரியனின் விஷம் இன்னும் ஒரு படி இறங்கிப் புரோத்ராம்பினையே நேராக எழுப்பும். மேலே சொன்ன மேக்ஃபார்லேனும், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்ட பார்னெட்டும் 1934இல் என்ன செய்தார்கள் தெரியுமா? ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில், நம் ஊர்க் கண்ணாடி விரியன் விஷத்தை மிக மிக நீர்க்கவைத்து வைத்தார்கள். ரத்தம் நின்றது. அதே விஷத்தை வைத்துச் செய்கிற ஒரு ரத்தப் பரிசோதனை இன்றைக்கும் பெரிய லேப்களில் நடக்கிறது.

காயத்தின் மேல் வைத்தால் மருந்து. பல் வழியாக உடம்புக்குள் போனால்? வாய்க்கால் எங்கேயுமே உடையவில்லை. ஆனால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டு, "உடைந்துவிட்டது, உடைந்துவிட்டது" என்று கத்தினால் என்ன ஆகும்? இருக்கிற முள்ளையெல்லாம் மக்கள் கண்ட இடத்தில் கொட்டுவார்கள். துப்புரவுப் பணியாளர் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் வெட்டி அள்ளுவார். சில மணி நேரத்தில் கிடங்கு காலி. அதன்பிறகு நிஜமாகவே எங்கே சின்ன உடைப்பு வந்தாலும் அடைக்க ஒன்றும் கிடையாது.

விரியன் கடித்தவர் உடம்பில் நடப்பது இதுதான். ஃபைப்ரினோஜன் செலவாகித் தீர்ந்துவிடுகிறது. ஈறில் ரத்தம் கசிகிறது, சிறுநீர் சிவக்கிறது, ஊசி போட்ட இடம் ஒழுகுகிறது. விஷம் ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் வலை சிக்கி, சிறுநீரகமும் கெடுகிறது. பாம்புக்கடிக்குப் பிறகு டயாலிசிஸ் என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு இது ஒரு காரணம்.

இப்போது கயிற்றையும் பிளேடையும் பாருங்கள்

கீறினால் விஷ ரத்தம் வெளியே போகும் என்கிறார்கள். உறைய வைக்கிற சரக்கே தீர்ந்துகொண்டிருக்கும் உடம்பில் நீங்களாக ஒரு காயத்தைச் செய்கிறீர்கள். அது எப்படி நிற்கும்?

இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்கிறார்கள். விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையும் அழுகவைக்கும். கட்டிவைத்தால் அத்தனை விஷமும் அந்தக் காலிலேயே நின்று வேலை செய்யும். காலுக்கு ரத்தமும் போகாது. பாம்பு எடுக்காத காலைக் கயிறு எடுத்துவிடும். அவிழ்த்ததும் தேங்கியது மொத்தமாக ஏறுவது வேறு. வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் ஒட்டுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது, எதுவும் ரத்தத்துக்குள் போன விஷத்தைத் தொடுவதில்லை.

"அந்தக் காலத்தில் மந்திரித்துப் பிழைக்கவில்லையா?" என்று என் சொந்தத்தில் பெரியவர்கள் கேட்பார்கள். பிழைத்தார்கள், மாமா. ஏனென்றால் கடிக்கிற பாம்புகளில் விஷமில்லாதவை அதிகம். விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இந்த இரண்டு கணக்கிலும் வந்தவர்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். அவர்களை வைத்துத்தான் வைத்தியருக்குப் பேர் வந்தது. விஷம் இறங்கியவர்கள் கதை சொல்வதற்குத் திரும்பி வரவில்லை.

2000 முதல் 2019 வரை இருபது வருடத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தில், வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இருபது நிமிடப் பரிசோதனை

இனி என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கடித்தது விரியனா, விஷம் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் கிடங்கு காலியாகிவிட்டது. உடனே விஷமுறிவு மருந்து வேண்டும். அவ்வளவுதான். நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டியிலும் இது இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலும் இருக்கிறது.

ஏன் கண்ணாடி? பிளாஸ்டிக் குழாய் போதாதா? போதாது. கண்ணாடியின் மேற்பரப்பு பன்னிரண்டாம் காரணியை எழுப்பி உறைதலைத் தொடங்கிவைக்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவி வைத்த கண்ணாடியும் ஆகாது. நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் ஏமாற்றும்.

இந்தப் பன்னிரண்டாம் காரணிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜான் ஹேகமன் என்று ஒரு ரயில்வே தொழிலாளி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் சோதித்தபோது அவர் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே இல்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு நாளும் ரத்தப்போக்கால் அவர் கஷ்டப்பட்டதில்லை. 1955இல் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் இந்தக் காரணியே உலகத்துக்குத் தெரிந்தது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1968இல் அவர் இறந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? அடிபட்டுப் படுத்திருந்தபோது ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்து! குழாய்க்குள் நடப்பது வேறு, உடம்புக்குள் நடப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: பரிசோதனை எளியது, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, முதல் குழாய் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. விஷம் மெதுவாகவும் வேலை செய்யும். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். இரண்டு, நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். கட்டு விரியன் பெயரில்தான் விரியன்; குணத்தில் நல்ல பாம்புக்குச் சொந்தம். இவை நரம்பைப் பிடிக்கும். இமை சரியும், பேச்சு குளறும், மூச்சு நிற்கும். ஆகவே குழாயையும் பார்க்க வேண்டும், கண்ணிமையையும் பார்க்க வேண்டும்.

ரத்தம் உறையவில்லை என்றால் முதல் தவணையாகப் பெரும்பாலும் 8 முதல் 10 குப்பி மருந்து ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே! மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாயை வைப்பார்கள். ஏன் ஆறு மணி நேரம்? மருந்து விஷத்தைத்தான் பிடிக்கும். காலியான கிடங்கை நிரப்ப வேண்டியது கல்லீரல். மறக்காதீர்கள் என்று சொன்னேனே, அவர்தான். அவருக்கு அவ்வளவு நேரம் தேவை. விஷத்தை முறிக்காமல் வெறும் பிளாஸ்மாவை மட்டும் ஏற்றினால், எரிகிற அடுப்பில் மேலும் விறகு வைத்த கதை.

மருந்து எங்கிருந்து வருகிறது, நமக்கு எங்கே போதவில்லை

இந்த மருந்து நம் தமிழ்நாட்டு இருளர்களின் கையால் தொடங்குகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விட்டுவிடும். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்து செய்கிறார்கள். இந்தியாவின் மருந்துக்குப் பெரும்பகுதி விஷம் அந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கியபோது நான் கைதட்டினேன்.

ஆனால் அந்த மருந்து நான்கே பாம்புக்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். போடியில் இருப்பவருக்கு இது போதும். மா, இலவம், தென்னந்தோப்புப் பக்கம் கண்ணாடி விரியன்; மலையடிவாரக் கரட்டில் சுருட்டை. அப்படியே 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டிப் போங்கள். அங்கே சருகுக்குள் இருப்பவை குழிவிரியன்கள். சில பச்சையாகச் செடியில் சுற்றியிருக்கும். சில காய்ந்த இலை நிறத்தில் தரையோடு கிடக்கும். இவற்றில் எதற்கும் இந்திய மருந்து தயாரிக்கப்படவில்லை.

அதிலும் மூக்கு நுனி மேடாகத் தூக்கியிருக்கும் ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. ஒன்றரை அடிதான் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் இருக்கிறது. இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் அதிகமானது இதன் கடிதான். இது சாதாரணமானது என்றுதான் இந்தியாவில் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2007இல் கேரளத்து மருத்துவர்கள், இது கடித்து ரத்தம் உறையாமல், சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களைப் பற்றி உறுதியான ஆதாரத்தோடு எழுதினார்கள். அதில் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணப்பட்டதும் உண்டு. அப்படி எண்ணி மருந்தை ஏற்றினால் என்ன ஆகும்? குப்பி குப்பியாக இறங்கும். ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தம் குழாயில் தண்ணீராகவே நிற்கும்.

ஏலத்தோட்ட வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஏலக்காய் மரத்து உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் தரையோடு தரையாக ஓடும். அதில்தான் காய். எடுப்பவர் குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சருகுதான் பாம்பின் வீடு. அந்தக் கை பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் கை. விடியும் முன்னே சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறும் நம் மதனிகளும் சித்திகளும் என்னிடம் படித்த பிள்ளைகளும்தான்.

இதற்கு மருந்து செய்ய முடியாதா? முடியும். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் கோஸ்டா ரிகா விஞ்ஞானிகளும் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே, இந்தக் குழிவிரியனையும் சேர்த்து மருந்து தயாரித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். ஒரே வகைப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழுவினர் ஆராய்ந்து காட்டிவருகிறார்கள். மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் 2030க்குள் பாம்புக்கடி மரணத்தைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. அதாவது ஒவ்வொரு கடியையும் மருத்துவமனை அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்ல விஷயம். ஆனால் நம் ஆட்களுக்குக் கடி விழுவது கேரள மண்ணில், வீடு தமிழ்நாட்டில். இரண்டு மாநிலமும் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏல மலையில் எத்தனை பேரை எது கடிக்கிறது என்று தெரியும். கணக்கு இருந்தால்தான் மருந்து கேட்க முடியும்.

தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்களிலும் என் மாணவர்கள் உண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே ஏலத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து, தொழிலாளருக்கு மருத்துவ வசதி வேண்டும் என்றது. சின்னத் தோட்டம், அந்தக் கணக்கில் வராது என்பீர்கள். சரி. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும், சருகை விலக்க ஒரு கம்பும், கைக்குத் தடித்த உறையும் எந்தச் சட்டமும் சொல்லாமலே வாங்கித் தரலாம். ஒரு கிலோ ஏலக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும்.

கடித்துவிட்டால்

1. பாம்பைத் துரத்த வேண்டாம், அடிக்க வேண்டாம். எட்ட நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விடுங்கள்.

2. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

3. கயிறு வேண்டாம், பிளேடு வேண்டாம், ஐஸ் வேண்டாம். எலும்பு முறிந்தால் எப்படி மட்டை வைத்து ஆடாமல் வைப்போமோ, அப்படி வையுங்கள். நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள்.

4. வலிக்கிறது என்று ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை கொடுக்காதீர்கள். அது தட்டணுக்களையும் முடக்கும். ஸ்டென்ட் வைத்தவர்கள், எக்கோஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சீட்டின் படம் ஒன்று போனில் இருக்கட்டும்.

5. மலையில் கடித்தால் "போடிக்கு இறக்கிவிடுவோம்" என்று 17 வளைவைச் சுற்றாதீர்கள். மருந்து இருக்கிற பக்கத்து மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கே போங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியை ஜீப் ஓட்டுகிற தம்பிகள் இன்றைக்கே இறக்கி வையுங்கள். கீழே கடித்தால் போடி அரசு மருத்துவமனை, மேல்சிகிச்சைக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி. அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசில்லை.

6. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு சிறுநீர் போனது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

இனி வீட்டுப்பாடம். ரிட்டயர் ஆனால் விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக இருக்கிற பிள்ளைகள்: உங்கள் ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது என்றால் பெரிய டாக்டரிடம் சொல்லி வரவழையுங்கள். ஒரு குழாயின் விலை ஒரு டீக் காசுதான் இருக்கும்.

ஜீப் ஓட்டும் பிள்ளைகள்: உங்கள் வழித்தடத்தில் எந்த மருத்துவமனையில் மருந்து இருப்பு இருக்கிறது என்று நேரில் கேட்டு, கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக நான் போடுகிறேன். அதை அச்சடித்து ஜீப்பில் ஒட்டலாம்.

வார்டு உறுப்பினராகவும் கட்சியிலும் இருக்கிறவர்கள்: ஏல மலைப் பாம்புகளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும் என்று ஒரு மனு. எழுதித் தர நான் தயார். கையெழுத்து வாங்குவது உங்கள் வேலை.

ஆசிரியர்களாக இருக்கிற பிள்ளைகள்: ரத்தம் உறைதல் பாடம் வரும்போது புரோத்ராம்பின், த்ராம்பின் என்று மனப்பாடம் பண்ணவைத்து நிறுத்திவிடாதீர்கள். அட்டையையும் விரியனையும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மா அந்நேரம் ஏலச்செடித் தூரில் கையை விட்டுக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். மெசேஜில் தனியாகக் கேட்க வேண்டாம். ஒருவர் கேட்டால் நாலு பேருக்குத் தெளியும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்